ஆணையம் அமைத்தால் சட்டம் வந்துவிடுமா? கடலூர் வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

2025 அக்டோபர் 17 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க, சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்பது அந்த அறிவிப்பு. அதே ஆண்டு ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு வலுத்த கோரிக்கைக்கு அரசு தந்த பதில் இது.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு தூரத்துச் செய்தி இல்லை. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் நடந்த இணையர் கொலை வழக்கு, இந்த அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தண்டனையும் உறுதியானது. அப்படியென்றால் ஆணையம் எதற்கு? அது யாரை விசாரிக்கும்? அறிக்கை கொடுத்தால் மறுநாளே சட்டமாகிவிடுமா? "கமிஷன் போட்டாச்சு என்றால் கிடப்பில் போட்டாச்சு என்று அர்த்தம்" என்று டீக்கடையில் சொல்வது எவ்வளவு தூரம் உண்மை? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அரசு அமைக்கும் அமைப்புகள் மூன்று வகை

செய்திகளில் ஆணையம், குழு, கமிஷன், கமிட்டி எல்லாம் கலந்து வருகின்றன. பெயரை விட்டுவிட்டு, அது எந்த அதிகாரத்தில் அமைக்கப்பட்டது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

1. சட்ட ஆணையம். இது ஒன்றிய அரசு அமைப்பது. 1834-ல் மெக்காலே தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையம்தான் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதியது. வரைவு 1837-ல் தயாரானது, சட்டமானது 1860-ல். விடுதலைக்குப் பிறகு முதல் சட்ட ஆணையம் 1955-ல் எம்.சி. செதல்வாட் தலைமையில் வந்தது. இதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் அரசாணையால் உருவாகி, பெரும்பாலும் மூன்று ஆண்டில் காலாவதியாகும். ஆணையம் இல்லாமலே மாதக்கணக்கில் நாடு ஓடிய காலமும் உண்டு.

2. விசாரணை ஆணையம். 1952-ம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசோ மாநில அரசோ அமைப்பது. ஒரு சம்பவத்தில் என்ன நடந்தது என்று கண்டறிவது இதன் வேலை. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இந்த வகை.

3. வல்லுநர் குழு. வெறும் அரசாணையால் அமைவது. சாட்சியை வரவழைத்து உட்காரவைக்கும் அதிகாரம் இதற்குத் தானாக வராது. குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்த 2000-ல் அமைந்த மலிமத் குழு, 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, 2024 ஜூலையில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை ஆராயத் தமிழ்நாடு அமைத்த நீதிபதி எம். சத்தியநாராயணன் ஒரு நபர் குழு எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது வகை நடந்ததைப் பார்க்கிறது. மற்ற இரண்டும் இனி என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கின்றன. பாஷா ஆணையத்துக்குத் தரப்பட்ட வேலை சட்டத்துக்கான பரிந்துரை. எந்த ஒரு கொலையிலும் யார் குற்றவாளி என்று அது சொல்லப்போவதில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். ஆணையத்திடம் மனு கொடுத்துவிட்டோம் என்று நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தளரவிட்டால் இழப்பு அவர்களுக்குத்தான்.

1952 சட்டம் என்ன அதிகாரம் தருகிறது?

விசாரணை ஆணையத்துக்கு ஓர் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் உண்டு. சம்மன் அனுப்பலாம், உறுதிமொழி கொடுத்துச் சாட்சியம் பதியலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். யாருடைய நற்பெயருக்கு ஆணையத்தின் முடிவால் கேடு வருமோ, அவருக்கு 8பி பிரிவின்படி தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்தே ஆக வேண்டும்.

தண்டிக்கும் அதிகாரம் மட்டும் இல்லை. 1958-ல் ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: ஆணையத்தின் முடிவு பரிந்துரை மட்டுமே, தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. இன்னொரு முக்கியமான விஷயம் 6-ம் பிரிவு. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச் சாட்சியம் சொன்னதற்கான வழக்கைத் தவிர, வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஒரு காவலர் ஆணையத்தின் முன் "நான்தான் சுட்டேன்" என்று சொன்னாலும், அந்த வாக்குமூலத்தை அப்படியே எடுத்துப்போய் அவருக்கு எதிராகக் குற்றவியல் நீதிமன்றத்தில் வைக்க முடியாது. போலீஸ் புதிதாக விசாரித்துச் சாட்சியம் திரட்ட வேண்டும். அறிக்கை வந்த பிறகும் ஏன் யாரும் கைதாகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

சரி, அறிக்கையை அரசு பூட்டி வைத்துக்கொள்ளலாமா? கூடாது. 3(4) பிரிவின்படி, அறிக்கை கையில் வந்த ஆறு மாதத்துக்குள், அதன் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு அவையில் வைக்க வேண்டும். தூத்துக்குடி அறிக்கை 2022 மே 18-ல் அரசிடம் தரப்பட்டு, அக்டோபர் 18-ல் பேரவையில் வைக்கப்பட்டது. 17 போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த அறிக்கை அது. ஆனால் துப்பாக்கிச் சூட்டுக்கும் அறிக்கைக்கும் நடுவே நான்கு ஆண்டு ஓடியிருந்தது. அறிக்கையை அவையில் வைக்கத்தான் சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. விசாரணையை முடிப்பதற்கான கெடுவை அரசாணையே தீர்மானிக்கிறது, அதை நீட்டிக்கவும் அரசாணை போதும்.

வல்லுநர் குழுவின் அறிக்கைக்கு இந்த ஆறு மாதக் கெடுவும் இல்லை. அரசு விரும்பினால் வெளியிடும். ஆக, ஒரு ஆணையம் அறிவிக்கப்பட்டதும் முதலில் பார்க்க வேண்டியது அரசாணையில் 1952 சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

அறிக்கையிலிருந்து சட்டம் வரை: எங்கே நகர்கிறது, எங்கே தேங்குகிறது

வேகமாக நடந்தவை உண்டு. வர்மா குழு 2012 டிசம்பர் 23-ல் அமைந்தது, ஏறத்தாழ 80,000 கருத்துகளைப் பெற்றது, 2013 ஜனவரி 23-ல் அறிக்கை தந்தது. அடுத்த மாதமே அவசரச் சட்டம், அப்புறம் குற்றவியல் சட்டத் திருத்தம். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்குச் சிறை என்ற பிரிவு அப்போது வந்ததுதான். அதே குழு, திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்ச்சிக்குத் தரப்பட்ட விதிவிலக்கை நீக்கச் சொன்னது. அதை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே அறிக்கையில் பிடித்ததை எடுத்து, பிடிக்காததை விட்டுவிட அரசுக்கு முழு உரிமை இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டம் பற்றிய நீதிபதி கே. சந்துரு குழு 2022 ஜூனில் அமைந்து, அதே ஜூனில் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. ஆளுநர் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை ரத்து செய்தது. அறிக்கைக்கு வாரக்கணக்கு, சட்டத்துக்கு மாதக்கணக்கு, அப்புறம் நீதிமன்றச் சோதனை. ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டமும் இதே வழியில்தான் போக வேண்டும். இன்னொரு படியும் கூடுதலாக இருக்கும். குற்றவியல் சட்டமும் திருமணமும், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளவை. மாநிலச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால், அரசமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்தால்தான் அது இங்கே செல்லும். வரைவை எழுதும்போதே எந்த வரி ஒன்றியச் சட்டத்தோடு மோதும், எது மோதாது என்று பிரித்து எழுதுவது நல்லது. காவல் துறையின் கடமை, மாவட்டத்தில் பாதுகாப்பு இல்லம், நிதி ஒதுக்கீடு போன்றவற்றுக்கு மோதல் அதிகம் வராது, அவை ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

தேங்கியவை இன்னும் அதிகம். பணமும் அதிகாரமும் கைமாற வேண்டிய இடத்தில்தான் பெரும்பாலும் தேக்கம்.

பத்து லட்சம் பேருக்குப் பத்து நீதிபதிகள் என்ற நிலையை ஐம்பதாக உயர்த்த வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 120-வது அறிக்கை 1987-ல் சொன்னது. 2002-ல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. இன்றைக்கும் கணக்கு சுமார் 21-ல் நிற்கிறது. புதுக்கூரைப்பேட்டை வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கே 18 ஆண்டு ஆனதை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

போலீஸ் சீர்திருத்தக் கதையும் இதுதான். 1977-ல் தரம் வீரா தலைமையில் அமைந்த தேசிய போலீஸ் கமிஷன் 1981-க்குள் எட்டு அறிக்கை தந்தது. அதில் உள்ளதைச் செய்யுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006-ல். போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்பது அந்த உத்தரவின் ஒரு பகுதி. தமிழ்நாடு 2013-ல் இதற்காகச் சட்டம் இயற்றியது. ஆனால் மாநில அளவில் உள்துறைச் செயலாளரும், மாவட்ட அளவில் கலெக்டரும் தலைவர் என்று வைத்துக்கொண்டது. விருத்தாசலம் காவல் நிலையம் புகாரை வாங்கவில்லை என்றால், அந்தக் குறையை மாவட்ட நிர்வாகத்தின் தலைவரிடமே சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்டது இதுவல்ல. பெயர் இருக்கிறது, சுதந்திரம் இல்லை.

புதுக்கூரைப்பேட்டையில் எது உடைந்தது?

இந்தப் பின்னணியோடு கடலூர் வழக்கைப் பார்ப்போம். தலித் இளைஞர், வேதியியல் பொறியியல் படித்தவர். பெண் அதே ஊரின் வன்னியர் குடும்பம். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் பெண்ணின் உறவினர்கள் இருவரையும் பிடித்து, ஊர்க்காரர்கள் பலர் பார்க்க, விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள்.

கொலைக்குப் பிறகு நடந்ததுதான் சட்டச் சீர்திருத்தம் பேசுபவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. இளைஞரின் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போனது. புகார் உடனே பதியப்படவில்லை. நாள்கள் கழித்துப் பதியப்பட்ட எஃப்ஐஆரில் கதையே மாறியிருந்தது: இரண்டு குடும்பமும் சேர்ந்து செய்த கொலை என்று காட்டி, மகனை இழந்தவர்களையும் குற்றவாளிகளாக்கினார்கள். 2004-ல் வழக்கு சிபிஐ வசம் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. விசாரணையில் பலர் பிறழ் சாட்சிகளானார்கள்.

கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பர் 24-ல் தீர்ப்பளித்தது. பெண்ணின் அண்ணனுக்கு மரண தண்டனை, 12 பேருக்கு ஆயுள். அந்தப் பன்னிரண்டில் இருவர் போலீஸ்காரர்கள், சம்பவத்தின்போது ஆய்வாளராகவும் உதவி ஆய்வாளராகவும் இருந்தவர்கள். 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது, ஆய்வாளரின் தண்டனையையும் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பொய்ச் சாட்சியம் புனைந்ததற்காக அந்த உதவி ஆய்வாளருக்குத் தரப்பட்ட ஆயுள் தண்டனையும் உறுதியானது.

இந்த வழக்கில் தண்டனைச் சட்டம் போதாமல் போகவில்லை. கொலைக்கு மரண தண்டனை வரை இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தது. எஃப்ஐஆர் பதிவது காவல் அதிகாரியின் கடமை என்பதும் அன்றைக்கே சட்டத்தில் இருந்தது. உடைந்தது முதல் படி: காவல் நிலையத்தில் புகாரை வாங்கி, சொன்னதை எழுதி, சொன்னவரைக் காப்பாற்றும் படி. அந்தப் படி உடைந்ததால் நீதி கிடைக்க 22 ஆண்டு ஆனது.

இதே மாவட்டத்தில் இது முதல் முறையும் இல்லை. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்துக் குறவர் சமூகத்தவர் ஒருவர் காவலில் கொல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அதை உடைத்தது அவருடைய மனைவி உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் நீதிபதியாகி, மேலே சொன்ன குழுவுக்கும் தலைவரானார். உள்ளூர்க் காவல் நிலையம் உண்மைக்கு எதிராக நின்றபோது, இரண்டு வழக்கிலும் உண்மை வெளியே இருந்துதான் வர வேண்டியிருந்தது.

இருக்கும் சட்டம் என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிறது. "தனிச்சட்டம் வந்தால் கடும் தண்டனை வரும்" என்ற எதிர்பார்ப்பு ஓரளவு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. கொல்லப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, கொன்றவர் அப்படி இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஆனால் சொந்த மகளைக் கொல்லும் தகப்பனுக்கோ, இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு நடுவே நடக்கும் கொலைக்கோ அந்தச் சட்டம் வராது. தனிச்சட்டம் கேட்பவர்களின் வலுவான வாதம் இது, எனக்கும் அதில் உடன்பாடு.

நீதிமன்றங்கள் வழிகாட்டுதல் கொடுக்காமலும் இல்லை. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அதிகாரி, ஆதிதிராவிடர் நல அதிகாரி ஆகியோர் கொண்ட தனிப்பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2018 மார்ச் 27-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லம், விரைவு நீதிமன்றம், ஆறு மாதத்தில் விசாரணை முடிப்பு, தவறும் அதிகாரிமேல் துறை நடவடிக்கை என்று விரிவாக எழுதியது. சட்டமாக இல்லாததால், இவற்றை மீறினால் நேரடித் தண்டனை எதுவும் இல்லை. மீறப்பட்டவர் மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது நடக்கிற காரியமா?

சட்ட ஆணையமும் 2012-ல் 242-வது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவைத் தந்தது. கொலைக்குத் தனிப்பிரிவு தேவையில்லை, திருமணத்தைக் கண்டிக்கக் கூடும் கூட்டத்தைச் சட்டவிரோதமாக்குங்கள் என்பது அதன் அடிப்படை. 2019-ல் ராஜஸ்தான் பேரவை நிறைவேற்றிய மசோதா இந்தத் தடத்தில் வந்தது. வடக்கே காப் பஞ்சாயத்துகள் எனப்படும் சாதிப் பஞ்சாயத்துகளை மனத்தில் வைத்து எழுதிய வரைவு அது. இங்கே பெரும்பாலும் பஞ்சாயத்து கூடித் தீர்ப்புச் சொல்வதில்லை. தாய்மாமன், அண்ணன், சித்தப்பா என்று வீட்டுக்குள்ளேயே முடிவாகிறது. ஊருக்குப் பிறகுதான் தெரிகிறது, தெரிந்தும் வாய் திறப்பதில்லை. டெல்லி வரைவை அப்படியே எடுத்து ஒட்டினால் கடலூரில் அது பிடிக்க வேண்டியவர்களைப் பிடிக்காது. மாநிலம் தனக்கென ஆணையம் வைத்து ஆராய்வதில் இந்த வகையில் நியாயம் இருக்கிறது.

அறிக்கையில் தேட வேண்டியவை

எத்தனை ஆண்டு தண்டனை என்ற வரிதான் தலைப்புச் செய்தியாகும். புதுக்கூரைப்பேட்டை அனுபவத்தை வைத்துப் பார்த்தால், பின்வருபவைதான் உயிர் காக்கும் வரிகள்.

1. புகாரைப் பதிய மறுத்தால் என்ன? 2013-ல் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமென்றால் எஃப்ஐஆர் கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் பதிய மறுப்பதையே குற்றமாக்கும் பிரிவு, வர்மா குழுவுக்குப் பிறகு வந்தது, பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களுக்கு மட்டும் பொருந்தும். இணையரை மிரட்டுவது, அடைத்துவைப்பது, காணாமல் போனதாகப் பொய்ப் புகார் கொடுப்பது ஆகியவற்றுக்கும் அதை விரிக்க வேண்டும்.

2. உள்ளூர் காவல் நிலையத்திடமிருந்து வழக்கு எப்போது வெளியே போகும்? சிபிஐ வரும்வரை காத்திருந்தால் சாம்பல்தான் மிஞ்சும். குறிப்பிட்ட நாள்களுக்குள் வேறு பிரிவுக்கு மாற வேண்டும் என்று சட்டமே சொல்லலாம்.

3. "சமரசப் பேச்சு" என்ற பழக்கம். இணையர் நிலையத்தில் தஞ்சம் புகுந்தால், பெற்றோரை வரவழைத்துப் பேசி, பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. பதினெட்டு நிறைந்த பெண்ணின் எழுத்து விருப்பமின்றி அனுப்பக் கூடாது, அனுப்பிய பின் ஏதாவது நடந்தால் அனுப்பிய அதிகாரி பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும். என் பார்வையில் இந்த ஒரு பிரிவு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

4. பாதுகாப்பு இல்லம். எந்த மாவட்டத்தில், எந்தத் துறையின் பணத்தில், யார் பொறுப்பில் என்று இருக்க வேண்டும். "அமைக்கப்படலாம்" என்று முடிந்தால் அது அமையாது.

5. சாட்சிப் பாதுகாப்பு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-வது பிரிவு மாநிலங்கள் இதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஒரே ஊரில், ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் சாட்சிக்கு அந்தத் திட்டம் என்ன செய்யும் என்று அறிக்கை பேச வேண்டும்.

திருமணப் பதிவும் இதில் வர வேண்டிய விஷயம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டப்படுகிறது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்கு அது தகவலாகப் போய்ச் சேருகிறது. இந்துக்களுக்குள் என்றால் 1967 தமிழ்நாட்டுத் திருத்தம் தந்த சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. மதம் கடந்த இணையருக்கு அந்த வழி இல்லை.

புதுச்சேரியின் பாகூருக்கு இந்தச் சட்டம் போகுமா?

போகாது. கடலூரிலிருந்து புதுச்சேரி சாலையில் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடையில் ஆட்சி மாறிவிடுகிறது. நெல்லிக்குப்பத்துப் பெண்ணும் பாகூர்ப் பையனும் திருமணம் செய்துகொண்டு எந்தப் பக்கம் தங்குகிறார்களோ, அந்தப் பக்கத்துச் சட்டம்தான் அவர்களுக்குக் கிடைக்கும். தமிழ்நாடு பேரவை இயற்றுவது தமிழ்நாட்டு எல்லையோடு நிற்கும்.

ஓர் உதவி உண்டு. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். கன்னியக்கோவிலில் கொடுத்த புகாரை "கடலூருக்குப் போ" என்று திருப்ப முடியாது, வாங்கிப் பதிந்து அனுப்ப வேண்டும். ஆனால் பாதுகாப்பு இல்லமும் அதிகாரியின் பொறுப்பும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் மட்டும் இருந்தால், எல்லை தாண்டியவர்களுக்கு அவை கிடையாது.

புதுச்சேரி தானே ஒரு விசாரணை ஆணையம் அமைக்கலாமா என்பதிலும் சிக்கல் இருக்கிறது. 1952 சட்டம் ஒன்றிய அரசையும் மாநில அரசையும் பற்றித்தான் பேசுகிறது. துணைநிலை ஆளுநரின் ஒப்புதலின்றி டெல்லி அரசு அமைத்த ஆணையம் செல்லாது என்று 2016 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஒன்றியப் பகுதிகளின் அமைப்பும் ஒன்றில்லை என்றாலும், புதுச்சேரியும் அந்தத் தீர்ப்பைக் கவனத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஆணையம் இல்லாமலே சட்டம் இயற்றலாம். முன்னுதாரணமும் கையிலேயே இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967 தமிழ்நாட்டுத் திருத்தத்தை, 1971-ல் புதுச்சேரி பேரவை தன் சொந்தத் திருத்தச் சட்டமாக இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டின் வரைவு பொதுவில் வரும் நாளிலேயே புதுச்சேரி உறுப்பினர்கள் அதைக் கையிலெடுத்தால், இந்த முறை நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.